பச்சை ஒயர்

கித்தாரின் ஒலியைப் பெருக்குகிற வால்வுப் பெட்டி கொஞ்சம் முனகத்தான் செய்யும். அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்து சூடேறும். பிறகு ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றுச் சத்தம் ஒன்று கிளம்பும். வாசிக்கத் தொடங்கிவிட்டால் அது காதில் விழாது. வாசிப்பு நிற்கும்போதுதான் விழும். என் தொல்லையெல்லாம் அந்த வாசிப்பு நிற்கிற இடத்தில்தான் ஆரம்பித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் மலாயில் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், பெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று, ஐயா. எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. மெதுவாகத்தான் எழுதுவேன்.

என் பெயர் செல்லப்பன். யோங் பெங் பக்கம் செம்பனை ஆலையில் லாரியிலிருந்து குலை இறக்கும் வேலை. சனி ஞாயிறுகளில் பிரெட்ரிக்கின் இசைக்குழுவோடு கல்யாணங்களுக்குப் போவேன். தோட்டத்தில் இருந்த காலத்தில் மைக்செட் கட்டுகிறவர் பின்னால் பெட்டி தூக்கித் திரிந்ததில் ஒயர் பிரிக்க, சோல்டர் வைக்க, டெஸ்ட் பென் பிடிக்கப் பழகியிருந்தேன். சான்றிதழ் எதுவும் கிடையாது. குழுவில் ஸ்பீக்கர் தூக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஒரு நாள் ஒயர் அறுந்தது, ஒட்டினேன். இன்னொரு நாள் மைக் பேசவில்லை, பேச வைத்தேன். அப்படியே ‘செல்லப்பன் அண்ணன் பார்த்துக்குவாரு’ என்று ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

பிரெட்ரிக் சிங்கப்பூரில் வேலை செய்தான். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அந்த வால்வுப் பெட்டியை அங்கே யாரிடமோ பழசாக வாங்கி, கஸ்டம்ஸில் பதில் சொல்லி, காரின் பின்சீட்டில் குழந்தையை உட்கார வைப்பதுபோல் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தான். அவன் மனைவி ஐலீன், “எனக்குக்கூட இவரு பெல்ட் போட்டு விட்டதில்லைண்ணே” என்று சிரித்தாள். பெட்டியின் குரல் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பெட்டியில் வராத ஒரு கனிவு அதில் இருந்தது.

முதல் கல்யாணத்திலேயே மானம் போயிற்று. பெண்ணின் அப்பா இறந்து அதிக நாளாகவில்லை. அவருக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தில் எங்கள் பெட்டி முனகியது. முதலில் மெல்ல. பிறகு, மண்டபம் அமைதியாக அமைதியாக, பெரிதாக. ஒரு மேசையிலிருந்து யாரோ, “யாரு லா அங்க நின்னுக்கிட்டே கொறட்ட விடுறது?” என்று கேட்டார்கள். பெண்ணின் அம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். பிரெட்ரிக் என்னைத்தான் பார்த்தான். “அண்ணே, எப்படியாவது இத நிறுத்துங்கண்ணே. இதோட எங்கயும் போக முடியாது” என்றான்.

அவன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். கித்தார் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், முனகல் போகவில்லை. அப்படியென்றால் கித்தாரில் குற்றமில்லை. சத்தத்தைக் குறைக்கும் திருகைக் கடைசிவரை குறைத்தேன், அப்போதும் இருந்தது. வால்வுகளை இடம் மாற்றினேன். சாப்பிடும் குச்சியால் உள்ளே ஒவ்வொரு ஒயராகத் தட்டிப் பார்த்தேன். கடைசியில், மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்பதற்காகப் பெட்டியிலிருந்து, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சருக்குப் போகும் நீள ஒயரைப் பிடுங்கினேன். முனகல் முக்கால்வாசி குறைந்தது. ஆக நோய் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று அந்த ஒயர் வழியாக. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. தெரியவில்லை என்று பிரெட்ரிக்கிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குணாளனை மாமாக் தேநீர்க் கடையில் பார்த்துக் கேட்டேன். அவர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒயர்மேன். வட்டாரத்தில் பாதி வீடுகளும், தங்காக் பக்கத்துக் கோயில் மண்டபமும் அவர் ஒயரிங்தான். என்னைவிட வயதில் சின்னவர். மணியமும் அந்த மேசையில் இருந்தார். என்னோடு ஆலையில் வேலை பார்ப்பவர்.

“பழைய பெட்டி லா அண்ணே, உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும். மொதல்ல அத மாத்துங்க” என்றார் குணாளன். “அப்பறம், உங்க பெட்டிக்கு ஒரு எர்த்து, மிக்சருக்கு ஒரு எர்த்து. ரெண்டும் அந்த நீள ஒயருல சேந்து சுத்துது. அதுதான் முனகுது. நடுவுல போடுறதுக்கு ஒரு சின்னப் பெட்டி விக்கிறான் ஜேபி டவுன்ல. அத வாங்கிப் போடுங்க.”

“வேற வழி இல்லையா?”

“இருக்கு. பிளக்குல அந்த எர்த்து ஒயர, பச்ச ஒயர, கழட்டிட்டா சத்தம் சுத்தமா போயிடும். அப்பறம் வாசிக்கிற ஆளும் போயிடுவாரு.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “விளையாட்டுக்குச் சொன்னேன்ண்ணே. அத மட்டும் தொட்டுறாதீங்க” என்றார்.

மணியம், “கொல தள்ளுற கை இது. ஒயர தொட்டா ஒயருதான் செத்துப்போகும்” என்றார். குணாளன், “சும்மா இருங்க மணியம்” என்றார். ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். தேநீருக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான். அது எனக்கு நினைவில் நிற்கவில்லை, சிரிப்பு மட்டும்தான் நின்றது.

அவர் சொன்னதைச் செய்திருக்க வேண்டும். ஜேபிக்குப் போக ஒரு நாள் லீவு போதும். ஆனால் அவர் சொன்ன மருந்தால் பெட்டி குணமானால் குணாளன் குணமாக்கினார் என்றுதான் சொல்வார்கள். அந்த வாரமே ஒரு கல்யாணம் இருந்தது. நான் பிளக்கின் மூடியைத் திறந்தேன். மேலே இருக்கும் நீளக் காலில் பச்சை ஒயர் திருகாணியில் மாட்டியிருக்கும். திருகாணியைத் தளர்த்தி அதை வெளியே இழுத்தேன். மடித்தேன், டேப் சுற்றினேன், மூடியைப் போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று காலோடு நல்ல பிளக்கு. உள்ளே அந்தக் கால் எதிலும் சேரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

சுவிட்சைப் போட்டேன். முனகல் முக்கால்வாசி போய்விட்டது. இருந்த கொஞ்சமும் காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்டது.

இன்னொன்றும் நின்றது. அந்தப் பெட்டி எப்போதாவது ஃபியூஸை அடித்துவிடும். பிளக்கு ஒயரைக் கழற்றி மாட்டும் இடத்துக்கு உட்புறம், உள் ஒயர் தகரத்தைக் கடக்கும் ஓட்டையில் இருந்த ரப்பர் வளையம் பொடிந்துபோய், தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை உரசிக்கொண்டிருந்தது. அதைத் திறந்த அன்றே பார்த்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பச்சையைக் கழற்றிய பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. ஒரு கையால் இரண்டு நோயைத் தீர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஃபியூஸ் போவது நோயல்ல, காவல் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஐயா. பச்சை வழி போனால் கசிகிற கரண்ட் தகரத்திலும் கித்தார் தந்தியிலும் வந்து நிற்கும் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் அதை நினைக்கவில்லை என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். மற்ற குழுக்காரர்கள் வந்து, “என்னண்ணே மந்திரம் போட்டீங்க?” என்று கேட்டார்கள். தெப்ராவிலிருந்து ஒருவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தார். பிரெட்ரிக் மேடையில் எல்லார் பெயரையும் சொல்லி, கடைசியில், “எங்க ஒலி நிபுணர், செல்லப்பன் அண்ணன்” என்று சொல்வான். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொள்வேன்.

பிறகு ஒரு பயிற்சியில் பிரெட்ரிக் சொன்னான். “அண்ணே, கித்தார புடிச்சுக்கிட்டுப் பாடுறப்ப மைக்குல ஒதடு பட்டா சுர்ருங்குது. எறும்பு கடிக்கிற மாதிரி.”

“ஈரத்துல நின்னிருப்ப” என்றேன்.

“இல்லண்ணே, சருகு மாதிரி காஞ்சு கெடக்கு தரை.”

நான் கடைக்குப் போய் மைக்குக்குப் போடுகிற கறுப்பு ஸ்பாஞ்ச் உறை வாங்கி வந்தேன். என் காசில்தான் வாங்கினேன். எர்த்தோடு சேர்ந்த மைக்கின் இரும்பில் உதடு படாது. காலுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். பிரெட்ரிக் போட்டுக்கொண்டான். சுருக்கென்பது நின்றது. “சூப்பர் லா அண்ணே” என்றான். அவன் என்னிடம் கேள்வியே கேட்கமாட்டான். ஸ்பாஞ்சும் செருப்பும் இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது என்று நான் நம்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உண்மையாகவே நம்பினேன்.

அந்தக் கல்யாணம் தங்காக் பக்கத்துக் கோயில் மண்டபத்தில். தாலி கட்டி முடிந்து பகல் விருந்து. கோயில் மண்டபம் என்பதால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டார்கள். பிரெட்ரிக்கும் விட்டான். அவன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் எங்களைவிடக் கவனமாக இருப்பான். நான், “மேடையில மட்டும் போட்டுக்கயேன்” என்றேன். “சாமி இருக்கிற எடம்ண்ணே. எப்படிப் போடுறது? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?” என்றான். காரணத்தைச் சொல்லாமல் எவ்வளவுதான் வற்புறுத்த முடியும்.

மேடைத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். இன்னும் காயவில்லை. வீடியோக்காரர் வந்து, ஸ்பாஞ்ச் வாயை மறைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். பிரெட்ரிக் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். செருப்பு இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை, தரை ஈரம். திருப்புளி என் சட்டைப்பையில் இருந்தது. பிளக்கைத் திறந்து பச்சையை மாட்ட ஒரு பாட்டு நேரம்கூட வேண்டாம்.

ஆனால் குணாளன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டுக்குச் சொந்தம். சற்று முன்னால்தான் என்னிடம் வந்து, பெட்டி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, “முனகலே இல்லையே அண்ணே. என்னா செஞ்சீங்க?” என்றார்.

“நீங்க சொன்னதுதான். கெப்பாசிட்டர் மாத்தினேன். நடுவுல போடுறதும் வாங்கினேன்.”

“பாத்தீங்களா? மணியத்த இங்க கூட்டியாந்து காட்டணும்” என்று என் தோளைத் தட்டினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பச்சையை மாட்டினால் முனகல் வரும். குணாளன் நிமிர்ந்து பார்ப்பார். நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். ஐயா, அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேடுகிறீர்கள். நானும் எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

பிரெட்ரிக் கித்தாரின் தந்திகளைப் பிடித்தபடி, எல்லாருக்கும் வணக்கம் சொல்ல மைக்கை நெருங்கினான். ‘எல்லா’ வரைக்கும் வந்தது. பிறகு அவன் நின்ற இடத்திலேயே விறைத்தான். பாவனை செய்கிறான் என்று நினைத்துக் குழந்தைகள் கைதட்டின. நான்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். வேறு யாருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நான் முதலில் ஓடினேன். அதைத்தான் பிறகு எல்லாரும் என் தைரியம் என்று சொன்னார்கள்.

குணாளன் மேடையில் தாவி ஏறி, பிரெட்ரிக்கின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினார். அவர் வேட்டி அவிழ்ந்தது, கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். தூக்க ஆள் கூப்பிட்டபோது போய்த் தூக்கினேன். ஒரு கையால்தான் தூக்கினேன். இன்னொரு கையில் பிளக்கு இருந்தது, ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தேன். அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிரெட்ரிக் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

அடக்கம் முடிந்த பிறகு ஐலீன், “அண்ணே, இத நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. என்னால பாக்க முடியல” என்று பெட்டியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா அவரு இன்னும் கஷ்டப்பட்டிருப்பாரு” என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியை வீட்டில் வைத்துத் திறந்தேன். உரசிய ஒயரை மாற்றினேன். புது ரப்பர் வளையம் போட்டேன். பச்சையைத் திருகாணியில் இறுக்கி மாட்டினேன். ஜேபிக்குப் போய்க் கெப்பாசிட்டரும், நடுவில் போடுகிற அந்தச் சின்னப் பெட்டியும் வாங்கி வந்து சேர்த்தேன். குணாளனிடம் அப்படித்தானே சொல்லியிருந்தேன். எல்லாம் முடித்துச் சுவிட்சைப் போட்டபோது, பச்சை ஒயரோடேயே பெட்டி முனகாமல் இருந்தது. ஒரு பிற்பகல் வேலைதான் அது.

உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது அந்த நல்ல பெட்டியைத்தான் கொடுத்தேன். சோதித்தார்கள், குறையில்லை என்றார்கள். பெட்டியில் குறையில்லை என்றால் மண்டபத்தில்தான் குறை. மண்டபத்து ஒயரிங் குணாளனுடையது. கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்சு ஏன் விழவில்லை என்று ஊரே கேட்டது. அது நிறையக் கசிந்தால்தான் விழும் பழைய வகை, அந்தக் காலத்தில் எல்லா மண்டபத்திலும் அதைத்தான் போட்டார்கள். ஒரு ஆளின் உடம்பு வழியாகப் போகிற கொஞ்சம் அதற்குப் போதாது. இது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. குணாளனின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கட்டிமுடிக்காத வீடுகளில்கூட வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் மனைவி கஸ்தூரி மார்க்கெட்டுக்குப் போவதை விட்டுவிட்டார்.

போன வாரம் குணாளன் என்னை வீட்டுக்கு அழைத்தார். சோறு போட்டார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“அண்ணே, நீங்க மேடையில இருந்தீங்க. எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. மண்டபத்த ஒருக்கா வந்து பாருங்க. எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியவே இல்ல” என்றார். பிறகு, “என்னமோ பண்ணியிருக்கேன். இல்லாட்டி அந்தப் பையன் ஏன் சாகணும்? கோர்ட்டுல ஒத்துக்கலாம்னு இருக்கேன். ஐலீனுக்கும் ஒரு முடிவு வேணும்ல” என்றார்.

கஸ்தூரி உள்ளே போய்விட்டார். பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொன்னேன், “அவசரப்படாதீங்க தம்பி.” அதைத்தான் சொன்னேன். பிறகு ரசம் நன்றாக இருந்தது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதனால்தான் வந்தேன். குணாளன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் மண்டபத்து ஒயரிங் சரி. அவர் எனக்குச் சொன்னதும் சரி. அவர் கோர்ட்டில் வாய் திறப்பதற்கு முன்னால் இந்தத் தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதற்கு மேல் என்னை என்ன செய்தாலும் சரி.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அஜாக்கிரதை என்று எழுதுங்கள், பொய் சொன்னான் என்று எழுதுங்கள், தெரிந்தே செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள் என்று. ஸ்பாஞ்சும் செருப்பும் போதும் என்று நம்பினேன் என மேலே எழுதியிருக்கிறேன். இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பச்சையைக் கழற்றிய பிறகு அந்தக் கித்தாரையும் மைக்கையும் நீங்கள் சேர்த்துப் பிடித்தது உண்டா என்று. நான் இல்லை என்றேன். உங்கள் வீட்டில் வேறு யாராவது என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு என் மகள் லோஷினியைக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்குப் பாட ஆசை. பிரெட்ரிக் தன் கித்தாரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டி, “பாடு பாப்பா, நான் சொல்றேன் எங்க விரல் வெக்கிறதுன்னு” என்றான். அவள் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கை நோக்கி ஒரு அடி வைத்தாள். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ எங்கே போனது என்று தெரியாது. சுவர் வரைக்கும் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பெட்டி செத்தது. பிரெட்ரிக் சிரித்தான். “என்னாண்ணே, சொந்த மக பாடுறத கேக்க அவ்ளோ பயமா?” என்றான். வால்வு சூடாகிவிட்டது என்று சொல்லி, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

அன்றைக்கு அந்த மைக்கில் ஸ்பாஞ்ச் இருந்தது, ஐயா. அவள் காலில் செருப்பும் இருந்தது.